ஒரு முறை கேட்டால் ஒன்றுதான் சொல்லும்

லாங்மான்ட், கொலராடோ
6 அக்டோபர் 1991

அன்புள்ள ஆர்லிஸ்,

இந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே நீ குப்பையில் போடலாம். போட்டால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முகவரியை உன் அண்ணன் நார்மனிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். "அவ உன்ன நல்லா நாலு வார்த்த கேக்கட்டும்னுதான் தர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வருடம் நவம்பரில் உன்னை வேலையைவிட்டு அனுப்பக் காரணமாக இருந்த நாற்பத்திரண்டு சோதனைச் சீட்டுகளும் தப்பு. தப்பு உன்னுடையது இல்லை, என் புரோகிராமுடையது.

நீ அந்தப் புரோகிராமை ஓட்டினாயே தவிர, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததில்லை. அதனால் விளக்குகிறேன். உன் மூன்றாம் மேசைக்கு வரும், மின்சாரம் அளக்கும் ஒவ்வொரு புது மீட்டரையும் மேசையிலேயே இருக்கும் மூல மீட்டரோடு ஒப்பிட்டுத்தானே சோதிப்போம்? சூடு ஆறினால் அளவு மாறும் என்று மூல மீட்டரை மட்டும் நாம் அணைப்பதே இல்லை. அதற்குப் புரியாத கட்டளை எதையாவது அனுப்பினால் அது கத்தாது, நிற்காது. புகாரை உள்ளுக்குள் வரிசையில் போட்டுக்கொள்ளும். "என்ன பிழை?" என்று நாம் கேட்டால், வரிசையில் முதலில் நிற்கும் பழைய புகாரைச் சொல்லி, அதை அழித்துவிடும். ஒரு முறை கேட்டால் ஒன்றுதான் சொல்லும். "பிழை ஏதுமில்லை" என்று அது சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் முறை.

நான் ஒரு மீட்டருக்கு ஒரே ஒரு முறை கேட்கும்படி எழுதியிருந்தேன். வரிசையில் முந்தைய நாளின் புகார் ஒன்பது மிச்சமிருந்தால், மறுநாள் காலை நீ சோதித்த முதல் ஒன்பது மீட்டர்களின் சீட்டில் ஒவ்வொன்றாக அவை அச்சாகியிருக்கின்றன. சீட்டின் அடியில் உன் பெயர்.

போன வாரம்தான் இது என் கண்ணில் பட்டது. புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் ஏதோ சந்தேகம் கேட்டாள், அப்போது பார்த்தேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

லைல் பிராண்ட்

*

ஸ்காட்ஸ்பிளஃப், நெப்ராஸ்கா
19 அக்டோபர் 1991

லைல்,

கடிதம் கிடைத்தது. இங்கே பீட் கிழங்கு அறுவடை. கிழங்குக் களத்தில் லாரிகளை எடை போடும் வேலையில் இருக்கிறேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், ஊரெல்லாம் சர்க்கரை ஆலை நாற்றம். நவம்பர் முடிந்தால் இந்த வேலையும் முடிந்தது. நுண்ணிய மீட்டரைத் தொட்ட கையால் இப்போது லாரி டயரில் ஒட்டியிருக்கும் மண்ணை உதைத்துத் தள்ளுகிறேன். இதைச் சொல்லி உன்னிடம் பரிதாபம் வாங்க வரவில்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு அந்த அறையில் நடந்தது உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. மேனேஜர் வென்டல் நாற்பத்திரண்டு சீட்டையும் சீட்டுக்கட்டு மாதிரி மேசையில் விரித்து வைத்தார். எல்லாவற்றிலும் 'இப்படி ஒரு கட்டளை கிடையாது' என்ற ஒரே புகார். "பாரும்மா, புரோகிராம் தானா ஓடுனா இந்தப் புகார் வரவே வராது. யாரோ கையால டைப் பண்ணாத்தான் வரும். நீ சோதனைய பாதியில நிறுத்திட்டு குறுக்கு வழியில முடிச்சிருக்க" என்றார்.

நான் சொன்னேன்: "வென்டல், இது காலையில மட்டும்தான் வருது. அதுவும் வெள்ளிக்கிழமைன்னா வர்றதே இல்ல. வெள்ளிக்கிழம காலையில மட்டும்..."

அதற்குமேல் நீ விடவில்லை. "ஆர்லிஸ், மெஷின் பொய் சொல்லாது. போதும் விடு" என்றாய்.

மூன்று வருடம் மதியச் சாப்பாட்டை ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் நாம். புதன்கிழமை கேன்டீனில் மிளகாய்க் கறியோடு கிடைக்கும் இலவங்கப்பட்டை ரொட்டியை உனக்குப் பாதி பிய்த்துத் தருவேன். "என்னைக்கு மோதிரம் மாத்தப் போறீங்க?" என்று பாக்கிங் பெண்கள் எல்லாம் நம்மைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். அந்த லைல்தான் "போதும் விடு" என்றான்.

சரி, இப்போது எனக்கு இரண்டு பதில் வேண்டும். முந்தைய நாள் புகார் மிச்சமிருந்தது என்கிறாயே, அவை யாருடைய புகார்கள்? நாலரை மணிக்கு நான் கோட்டை மாட்டிக்கொண்டு போன பிறகு என் மேசையில் உட்கார்ந்து கையால் டைப் செய்தது யார்? அடுத்தது, கண்டுபிடித்தாயே, அதைப் பற்றி என்ன செய்தாய்?

காரணத்தோடுதான் கேட்கிறேன். இங்கே ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பழுதுபார்க்கும் அறைக்கு ஆள் எடுக்கிறார்கள். இதயத் துடிப்பு காட்டும் பெட்டி, மருந்து சொட்டுவிடும் பம்பு எல்லாம் அங்கேதான் சோதனைக்கு வரும். ஜனவரி 14 நேர்காணல். முந்தைய வேலையை விட்டது ஏன் என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அவர்கள் லாங்மான்டுக்குப் போன் செய்வார்கள். சோதனையில் படி தாண்டினவள் என்று பதில் வந்தால், நோயாளி படுத்திருக்கும் இடத்தில் என்னை யார் சேர்ப்பார்கள்? நானே சேர்க்க மாட்டேன்.

ஆர்லிஸ்

*

லாங்மான்ட்
27 அக்டோபர் 1991

ஆர்லிஸ்,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

அந்தப் புகார்கள் என்னுடையவை.

எல்லாக் கம்பெனிகளும் கூடிப் பேசி, எல்லாக் கருவிக்கும் பொதுவாக ஒரு கட்டளை மொழியை முடிவு செய்தார்கள் இல்லையா? அப்போது அது எங்கள் எல்லோருக்குமே புதுசு. சொற்களை எப்படிச் சுருக்கலாம், எங்கே முக்காற்புள்ளி போட வேண்டும் என்று சாயங்காலங்களில் உட்கார்ந்து தட்டிப் பழகினேன். என் மேசையில் மூல மீட்டர் கிடையாது. உன் மேசையில் இருந்தது. பத்துக் கட்டளை தட்டினால் எட்டு தப்பு. அது எதையும் வெளியே காட்டிக்கொள்ளாததால், பாதியை நான் கவனிக்கக்கூட இல்லை. அப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விடுவேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அப்படித்தான் ஆகிவிட்டது. நான் தட்டிய தப்பெல்லாம் காலையில் உன் பெயரில் அச்சாகியிருக்கிறது.

உன் இரண்டாவது கேள்விக்குப் பதில்: புரோகிராமைத் திருத்திவிட்டேன். இப்போது 'பிழை ஏதுமில்லை' என்று வரும்வரை கேட்கிறது. இனி யாருக்கும் இப்படி நடக்காது.

வென்டலிடம் பேசுவேன். கொஞ்சம் பொறு. டிசம்பர் கடைசியில் சோதனைப் பிரிவுக்குத் தலைவரை அறிவிக்கிறார்கள். என் பெயர் அடிபடுகிறது. அது முடிந்தால் என் சொல்லுக்கு எடை கூடும், உன் காரியமும் சுலபமாக நடக்கும்.

லைல்

*

ஸ்காட்ஸ்பிளஃப்
8 நவம்பர் 1991

லைல்,

உன்னிடமும் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. முதல் கடிதத்தில் 'புகார் மிச்சமிருந்தது' என்று யாரோ மூன்றாம் ஆள் போல எழுதினாய். நான் கேட்ட பிறகுதான் 'என்னுடையவை' என்று வந்தது. அதனால் மறுபடியும் கேட்கிறேன்.

திருத்திவிட்டேன் என்கிறாய். மாற்றப் பதிவேட்டில் எதைக் குறித்தாய்?

எனக்கு அந்தப் பதிவேடு தெரியும், நானும் ஏழு வருடம் அங்கே குப்பை கொட்டியிருக்கிறேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு கட்டம் உண்டு. 'பிழை' என்று குறித்தால், பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்க்க வேண்டும், வாங்கினவர்களுக்குக் கடிதம் போக வேண்டும், பாதிக்கப்பட்டது யார் என்று எழுத வேண்டும். 'மேம்பாடு' என்று குறித்தால் ஒரு ஈ, எறும்பு எட்டிப் பார்க்காது.

நீ எந்தக் கட்டத்தில் குறித்தாய், லைல்?

ஆர்லிஸ்

*

லாங்மான்ட்
17 நவம்பர் 1991

ஆர்லிஸ்,

மேம்பாடு.

காரணம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால் எல்லாம் சாக்குப்போக்காக இருக்கிறது. பழைய சீட்டுகளை எடுத்தால் முந்நூறு மீட்டரையாவது திரும்ப வரவழைத்துப் பார்க்க வேண்டும். அது என் பெயரில் நிற்கும். எனக்கு நாற்பத்தொன்று ஆகிறது, இதைவிட்டால் அந்த நாற்காலி இனி கிடைக்காது. இதுதான் உண்மை. அழகாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

டிசம்பர் வரை மட்டும் பொறுத்துக்கொள். உன்னை மறக்கவில்லை.

லைல்

*

ஸ்காட்ஸ்பிளஃப்
25 நவம்பர் 1991

லைல்,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அதற்கு மேம்பாடு என்று பெயரும் வைத்திருக்கிறாய்.

பிழை என்று எழுது. எழுதிவிட்டு எனக்குக் கடிதம் போடு. அதுவரை போடாதே.

ஆர்லிஸ்

*

லாங்மான்ட்
5 ஜனவரி 1992

ஆர்லிஸ்,

எழுதிவிட்டேன்.

டிசம்பர் 18, புதன்கிழமை, அறிவிப்புக்கு முந்தைய நாள். அறிவிப்பு வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் அன்றைக்குக் கேன்டீனில் அந்த ரொட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். தொடாமலே தள்ளி வைத்துவிட்டேன். எழுந்து நேராக வென்டல் அறைக்குப் போனேன்.

பதிவேட்டைத் திறந்து அவர் முன்னாலேயே 'மேம்பாடு' என்பதை அடித்து, 'பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு சொன்னேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

"என்னப்பா லைல், நல்ல நாளும் அதுவுமா இத இப்ப கிளப்புற? நாளைக்கு உன் பேர சொல்லப் போறாங்க!"

"தெரியும்."

"ஒரு வாரம் கழிச்சு சொன்னா குடியா முழுகிடும்?"

"அவளுக்கு முழுகிடும், வென்டல். ஜனவரி பதினாலு அவளுக்கு நேர்காணல்."

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "சரி, அவ ஏன் இத அப்பவே சொல்லல? வாயில கொழுக்கட்டையா?"

"சொல்ல வந்தா. நான்தான் வாய மூட வச்சேன். நீங்களும் பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க."

மனுஷன் மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் செய்ய வேண்டியதைச் செய்தார். கம்பெனி முத்திரையோடு உன் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போயிருக்கிறது. நகலை இதோடு வைத்திருக்கிறேன். 'ஆர்லிஸ் கோலர் சோதனை முறையை ஒருபோதும் மீறவில்லை. அவர்மீது குறிக்கப்பட்ட நாற்பத்திரண்டு பிழைகளும் வேறொருவர் செய்தவை' என்று இருக்கிறது. அந்த வேறொருவரின் பெயரைப் போடச் சொன்னேன், சட்டப் பிரிவு போட விடவில்லை. நீ நேர்காணலில் தாராளமாகப் போட்டுக்கொள்.

நாற்காலி வேறொருவருக்குப் போனது. முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் திரும்பி வருகிறது, நான்தான் ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். இதுவரை பார்த்த நாற்பதில் ஒன்றில்கூடக் குறையில்லை. நீ சோதித்தது எல்லாம் சரியாக இருக்கிறது. அது எனக்கு முன்பே தெரியும்.

நல்லபடியாகப் பேசு.

லைல்

*

ஸ்காட்ஸ்பிளஃப்
2 பிப்ரவரி 1992

அன்புள்ள லைல்,

வேலை கிடைத்துவிட்டது.

நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள் கம்பெனிக் கடிதத்தைப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அப்ப ஒரு வருஷம் இத மனசுல வச்சுக்கிட்டா லாரி எடை போட்டீங்க?" என்றார். அதுவரை ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தவள், அந்த இடத்தில் அழுதுவிட்டேன். போச்சு, காரியம் கெட்டது என்று நினைத்தேன். அவர் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். மறுநாள் போன் வந்தது.

ஆஸ்பத்திரி அடித்தளத்தில், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் என் மேசை. ஜன்னல் கிடையாது. ஆனால் நேற்று ஒரு மருந்துப் பம்பைத் திறந்து, சரிபார்த்து, என் பெயர் எழுதிய அட்டையைக் கட்டி மேலே அனுப்பினேன். சாயங்காலம் ஒரு சாக்கு வைத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். அது ஒரு கிழவர் பக்கத்தில் ஒழுங்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். நர்ஸ் "உங்க சொந்தக்காரரா?" என்று கேட்டாள்.

உன்மேல் எனக்கு இருந்தது சாதாரணக் கோபம் இல்லை. இப்போதும் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாற்காலியை விட்டுக்கொடுத்திருக்கிறாய். உன்னை எனக்குத் தெரியும், அது உனக்கு எவ்வளவு பெரிது என்றும் தெரியும். கவனக்குறைவு யாருக்கும் வரும். பயமும் வரும். பயந்தவன் கடைசியில் சொல்லிவிட்டானே, அது போதும் எனக்கு.

23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வா. மூன்று மணி நேர வண்டி ஓட்டம்தானே. வழியில் ஷயான் ஊருக்கு மேல் பனி இருந்தால் மெதுவாக வா. இனிமேல் உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. பழைய கதை எதையும் பேசாமல் சாப்பிடலாம்.

ஆர்லிஸ்

*

லாங்மான்ட்
11 பிப்ரவரி 1992

அன்புள்ள ஆர்லிஸ்,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். நல்ல கோட்டு ஒன்றைச் சலவைக்குப் போட்டேன். நேற்று அதை வாங்கிவந்து மாட்டிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தேன். அப்போதுதான், இதை எழுதாமல் வரக்கூடாது என்று புரிந்தது.

கேட்க ஒன்றும் மிச்சமில்லை என்று எழுதியிருக்கிறாய். ஒன்று இருக்கிறது. நீ கேட்டு வாங்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

போன அக்டோபரில் கண்டுபிடித்தேன் என்று எழுதினேனே, அது பொய். புதிதாகச் சேர்ந்த பெண் யாரும் எதுவும் கேட்கவில்லை. புரோகிராமை நான் திருத்தியது 1990 நவம்பர் 19, திங்கட்கிழமை. நீ போனது அதற்கு முந்தைய வெள்ளி. பதிவேட்டில் தேதி இருக்கிறது. வென்டல் கட்டத்தைப் பார்த்தாரே தவிரத் தேதியைப் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை.

அதற்கும் முன்னால் ஒன்று உண்டு. வாரத்தில் நாலு சாயங்காலம் உன் மேசையில் உட்காருவேன். வியாழக்கிழமை மட்டும் உட்கார மாட்டேன். வியாழக்கிழமை பௌலிங் ஆடப் போவேன், உனக்கே தெரியும். அந்த அறையில் நீ "வெள்ளிக்கிழம காலையில மட்டும்" என்று ஆரம்பித்தாய். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. நீ வாக்கியத்தை முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இன்னும் அரை நிமிடம் பேசினால் வென்டலுக்கும் புரிந்துவிடும் என்று தோன்றியது. அதனால்தான் குறுக்கே விழுந்தேன்.

அந்த வாரம்தான் என் புரோகிராமைத் தலைமை அலுவலகத்துக்குக் காட்டியிருந்தோம். அதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, நடந்தது என்பதால் சொல்கிறேன்.

இதை மறைத்துக்கொண்டு உன் வீட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது.

வரலாமா என்று நீ சொல்.

லைல்

*

ஸ்காட்ஸ்பிளஃப்
17 பிப்ரவரி 1992

லைல்,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. உடனே பதில் எழுதினால் வாய்க்கு வந்ததை எழுதிவிடுவேன் என்று இரண்டு நாள் விட்டேன்.

அன்றைக்கு வண்டியில் ஊருக்கு வரும்போது வழியெல்லாம் ஒரே நினைப்பு, லைலே என்னை நம்பவில்லையே என்று. பதினைந்து மாதம் அதைத்தான் சுமந்தேன். களத்தில் எடை போடும்போது சில நாள் எனக்கே சந்தேகம் வரும். தூக்கக் கலக்கத்தில் நான்தான் எதையாவது தட்டியிருப்பேனோ, இவ்வளவு கெட்டிக்காரன் இவ்வளவு உறுதியாகச் சொன்னானே என்று என் கையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

நீ நம்பியிருக்கிறாய். அந்த அறையில் என்னை நம்பிய ஒரே ஆள் நீதான். நம்பிக்கொண்டே என்னை அனுப்பிவைத்தாய்.

நீ இதை எழுதாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியவே வந்திருக்காது. எழுதினதற்கு நன்றி, மனசாரத்தான் சொல்கிறேன். இனி என் கையை நான் சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வராதே. அதற்கு அடுத்த ஞாயிறும் வேண்டாம். நாலு பவுண்டு மாட்டிறைச்சி வாங்கிவிட்டேன், நார்மனைச் சாப்பிட வரச்சொல்லியிருக்கிறேன்.

ஆர்லிஸ்